சர்வேயருக்குச் சொன்ன பதில்

பட்டாபிராம்,
14-3-1944

தம்பிக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். கிழித்துவிடாமல் படி.

எரிந்த வீட்டைப் பார்க்க இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் இன்று நான்காவது தடவையாக வந்தார். சாம்பலைக் கிளறிவிட்டு அதே கேள்விதான். "உங்க தம்பி கூரை மேல ஏறிகினு ஓட்டைப் பிரிச்சதை ஊரே பாத்துகீது. உங்களுக்குள்ள பாகத் தகராறு வேற. அவர்தான் தீ வெச்சார்னு எழுதிக் குடுங்க, கிளெய்ம் பாஸாயிடும்."

எனக்கு அலுத்துப்போயிற்று. ரேஷனுக்குப் பயந்து சமையற்கட்டில் மண்ணெண்ணெய் டின்களைப் பதுக்கியது நான், தீ அதிலிருந்துதான் கிளம்பியது என்று உண்மையை எழுதிக் கொடுத்தேன். பாலிசி விதிப்படி இனி ஒன்றும் கிடைக்காதாம். போகட்டும்.

"அப்போ அவர் இன்னாத்துக்கு கூரை ஏறினார்?"

"உள்ள மாட்டிகினு இருந்த என் பொண்டாட்டியைத் தூக்கறதுக்கு" என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

உன் அண்ணி எழுந்து நடமாடுகிறாள். உன் இரண்டு கைக்கும் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். உன்னால் பதில் எழுத முடியாது. அதனால் கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமை திருமழிசையில் உன் மாமனார் வீட்டுக்கு இருவரும் வருகிறோம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்