முறுக்கு டப்பாவும் பழைய மலைப்பாதையும்

ஜனவரி 8, 1961, ஞாயிறு

காலையில் பதினெட்டுத் தும்மல். இருபது வருஷமாகச் சுக்குக் கிடங்கில் மேஸ்திரியாக இருக்கிறவன் மூக்கு, இன்று விடுமுறை என்று பார்த்தா தும்மும்? மட்டாஞ்சேரியில் கடிகாரம் இல்லாத வீடுகளில் கபீர் பாய் தும்மலைக் கேட்டுத்தான் சாயா போடுகிறார்கள் என்று சைக்கிள் கடைப் பிச்சைமணி சொல்லித் திரிகிறான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். ஆறு வருஷத்தில் மலையாளத்திலும் பொய் சொல்லப் பழகிவிட்டான்.

என் வீட்டுக்காரி ரபியா இன்று ஆரம்பித்தாள். "ரம்லத் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வாங்க."

பிழை யாருடையது என்பதை இந்த நோட்டிடமாவது ஒளிக்காமல் சொல்லலாம். மகள் ரம்லத்தின் கல்யாண விருந்தில், நாலு பேர் ஒரு சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை அலாவுதீன் இரண்டாம் தடவை சோறு வாங்கினான். மாங்குளம் மலையில் சின்னப் பலசரக்குக் கடைக்காரன். அவன் அத்தா ஏலக்காய் மூட்டை சுமந்தவர். நான் சும்மா இருந்தேனா? "விடுங்கப்பா, மலையிலேருந்து வந்திருக்காரு. சோத்தப் பாத்து நாளாச்சு" என்றேன். பந்தலே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். அவன் கையிலிருந்த கவளத்தைச் சகனிலேயே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான். மறுநாள் ரம்லத்தைக் கூட்டிக்கொண்டு மலையேறியவன்தான். ஒரு கடிதாசுகூட இல்லை.

ஜனவரி 15, ஞாயிறு

பஸ்ஸில் போனால் என்ன என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பஸ் வாடை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை வேறு. மூன்று வருஷத்துக்கு முன் இடப்பள்ளி முக்கில் ஒரு லாரி என் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தின்றுவிட்டுப் போனது. என்னைத் தின்னவில்லை, சுக்குக் காரம் பிடிக்கவில்லை போலும். அன்றுமுதல் ஹாரன் கேட்டால் சைக்கிளை விட்டுக் குதித்துவிடுகிறேன். போன வருஷம் பஸ்ஸில் ஆலுவா வரைக்கும்கூடத் தாங்கவில்லை. நடுவழியில் இறங்கி நடந்தே திரும்பினேன். நாற்பத்தேழு வயது ஆண்பிள்ளை.

ஜனவரி 20, வெள்ளி

பிச்சைமணி கடையில் ஒரு ஏலக்காய்ச் சுமையாளைப் பிடித்தேன். மூணாறுக்குப் பழைய பாதை ஒன்று உண்டாம். பூயங்குட்டி, மாங்குளம் வழியாக வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, அதாவது 1924-ல் வந்த பெருவெள்ளத்தில் மலை சரிந்து, அதோடு சர்க்கார் அதைக் கைவிட்டு வேறு ரோடு போட்டுவிட்டதாம். பஸ் கிடையாது, லாரி கிடையாது. சரளைக்கல்லும் புல்லும் யானையும்தான்.

யானை ஹாரன் அடிக்காது. எனக்குப் பொருத்தமான பாதை.

கீழ்நாட்டுக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. படகில் சைக்கிளோடு எர்ணாகுளம். அங்கிருந்து இடப்பள்ளி முக்கைத் தொடாமல் ரயில் பாதை ஓரத்து ஒற்றையடிப் பாதை. ஆலுவாவில் இறங்கிப் பெரியாற்றங்கரை. தட்டேக்காட்டில் தோணி. அதற்கப்புறம் செஞ்சரளை.

பிச்சைமணி பழைய டயரை வெட்டிப் புது டயருக்குள் வைத்துத் தைத்தான். "கல்லு ஏறாது பாய். காத்து மட்டும் கொஞ்சமா வைங்க." மணியைக் கழற்றி மேஜையில் போட்டான். "இத யாருக்கு அடிக்கப் போறீங்க? யானைக்கா?"

ஜனவரி 25, புதன்

ரபியா தேங்காய்ப்பால் முறுக்குச் சுட்டு, கிளிப் படம் போட்ட பிஸ்கட் டப்பாவில் அடுக்கினாள். நாளை குடியரசு தினம். முதலாளி வெள்ளிக்கும் சனிக்கும் லீவு கொடுத்துவிட்டார், நான் தும்மாத மூன்று நாள் அவருக்கும் ஓய்வுதானே.

ஜனவரி 29, ஞாயிறு

திரும்பிவிட்டேன். உடம்பில் வலிக்காத இடம் காது மட்டும்.

பூயங்குட்டி வரை போனேன். தோணித்துறையைத் தாண்டியபின் ஒரு வண்டியில்லை. பாசி பிடித்த மைல்கல்கள் நின்று பார்த்தன. சரளை சக்கரத்தின் அடியில் அப்பளம் மாதிரி நொறுங்கிற்று. மூன்று வருஷத்தில் முதல்முறையாக, ஒரு தரம்கூடச் சைக்கிளிலிருந்து குதிக்கவில்லை. அதன்பின் மலைப்பாதை ஏறுகிற இடம். யானைச் சாணம் கிடந்தது, வாஸ்தவம். ஆனால் காய்ந்த சாணம். ஒரு வாரப் பழசு.

நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. லாரிகளையெல்லாம் கீழேயே விட்டுவிட்டு வந்தாயிற்று, இனி எதன் மேல் பழி போடுவது? அங்கேதான் தெரிந்தது. எனக்குப் பயம் மாப்பிள்ளையின் முகம்தான். வாசலில் நிற்பேன், அவன் என்னைப் பார்ப்பான், நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தொலைப்பேன்.

திரும்பும் வழியில் முறுக்கை நானே தின்றேன். மிச்சத்தைத் தோணிக்காரச் சேட்டன் தின்றார். "எந்தொரு ருசி" என்றார். டப்பாவை ஆற்றில் கழுவிக்கொண்டேன்.

வீட்டில் ரபியா வாசலிலேயே கேட்டாள், "பாத்தீங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நின்றேனா? ரம்லத் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், கோழி வளர்க்கிறாள், முறுக்கைப் பார்த்ததும் சிரித்தாள் — வரிசையாக வந்தது. ரபியா டப்பாவைத் திறந்து பார்த்தாள். மூடி அலமாரியில் வைத்தாள்.

பிப்ரவரி 3, வெள்ளி

ஜும்மா முடிந்து சாயாக்கடையில் என்னைச் சுற்றிக் கூட்டம். மலைவரை சைக்கிளில் போனவனாம். ஒரு வண்டிகூட வராத வழியை விவரித்தேன். மூன்று யானை, ஒரு குட்டி. கேட்டவர்கள் இரண்டாம் சாயா வாங்கித் தந்தார்கள். குடிக்க முடியவில்லை. நான்தானா சாயாவை வேண்டாம் என்றவன்?

பிப்ரவரி 14, செவ்வாய்

அடுத்த வீட்டுக் கமலாக்ஷி ஒரு கிண்ணத்தில் வேகவைத்த மரவள்ளிக் கப்பை கொடுத்துவிட்டாள். ரபியா அதை எடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி, ஒரு பிடி சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தினம் பார்க்கிற காரியம்தான். நான் கப்பையைத் தின்றுகொண்டிருந்தேன்.

என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "என் மக காலிப் பாத்திரம் குடுத்தனுப்புறவ இல்ல."

கையிலிருந்த கப்பையைத் தட்டில் வைத்தேன்.

"அப்ப உனக்கு... எப்பத் தெரியும்?"

"டப்பாவத் தொறந்தப்பவே."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அவ சிரிச்சான்னு சொன்னீங்கள்ல. கேக்க நல்லாருந்துச்சு."

இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் கெட்டிக்காரன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டப்பாவில் நாலு ஏலக்காய் வாங்கிப் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். வாசனைச் சரக்குக் கிடங்குகளுக்கு நடுவில் குடியிருப்பவனுக்கு அது தோன்றவில்லை. எனக்கு யாராவது பாத்திரம் கொடுத்திருந்தால்தானே தெரியும்? கொடுப்பதும் வாங்குவதும் அவள். நான் தின்கிறவன்.

மார்ச் 2, வியாழன்

நோன்பு. தும்மல்கூடச் சோர்ந்து வருகிறது. யாரைப் பற்றியும் ஒரு வம்பும் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று பிச்சைமணி கேட்டான்.

மார்ச் 19, ஞாயிறு

நேற்றுப் பெருநாள். ரபியா பெருநாள் வேலையெல்லாம் முடிந்ததும் மறுபடி முறுக்கு மாவு பிசைந்தாள். டப்பாவை என் சைக்கிள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள், அவ்வளவுதான்.

மார்ச் 24, வெள்ளி. குட்டம்புழை

சாயாக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டன. தோணிக்காரர் அடையாளம் கண்டு டப்பாவையே பார்த்தார். "இது உங்களுக்கில்ல சேட்டா" என்றேன். மனுஷருக்கு முகம் வாடிவிட்டது. ஒன்று கொடுத்தேன். ஒன்றுதான்.

மார்ச் 25, சனி. மாங்குளம்

முன்பு உட்கார்ந்த அதே கல் வந்தது. உட்காரவில்லை. உட்கார்ந்தால் மட்டாஞ்சேரிதான்.

பிறகு பாதி தூரம் சைக்கிள் என்மேல் வந்தது. சரிந்த இடங்களில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி ஏறினேன். நடுவில் பாதை அப்படியே இருக்கிறது — கல் பாவி, வளைவுக்கு வளைவு சரிவு வைத்து, முப்பத்தேழு வருஷமாக வராத வண்டிக்காகக் காத்துக்கொண்டு. வாயில் வேடிக்கை ஒன்றும் ஊறவில்லை. மூச்சு வாங்கவே வாய் போதவில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குக் கடை வாசலில் நின்றேன். நாலைந்து கூலியாட்கள் இருந்தார்கள். அலாவுதீன் தராசுக்குப் பின்னாலிருந்து பார்த்தான். வழியெல்லாம் யோசித்து வைத்த மன்னிப்பு மறந்துபோயிற்று. டப்பாவை நீட்டினேன். "ரபியா குடுத்தா" என்றேன்.

உள்ளிருந்து ரம்லத் வந்தாள். "அத்தா, நடந்தா வந்தீங்க?" என்றாள். சதை போடவில்லை. கோழி இல்லை. அழுதாள். சேறு அப்பிய என் வேட்டியைப் பார்த்தபின், அழுகைக்கு நடுவில் கொஞ்சம் சிரித்தாள்.

சகன் வந்தது. அலாவுதீனும் இரண்டு ஆட்களும் நானும். எனக்கு இருந்த பசி! இரண்டாம் தடவை நானே கை நீட்டிச் சோறு வாங்கினேன். அப்போது அவன் நிதானமாகச் சொன்னான்:

"விடுங்கப்பா, கீழேருந்து வந்திருக்காரு. சோத்தப் பாத்து நாளாச்சு."

ஆட்கள் சிரித்தார்கள். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறான்.

நான் கவளத்தைக் கீழே வைக்கவில்லை. "ஆமா மாப்ள" என்று சொல்லித் தின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் பக்கமிருந்த கறித்துண்டை எடுத்து என் பக்கம் வைத்தான்.

மார்ச் 28, செவ்வாய்

நேற்று மதியம் வீடு. டப்பாவை ரபியா கையில் கொடுத்தேன். கனமாக இருந்தது. மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். விளிம்புவரை பச்சை ஏலக்காய்.

"சிரிச்சாளா?"

"மொதல்ல அழுதா."

தலையாட்டிக்கொண்டு உள்ளே போனாள். இந்தக் கதை போன தடவை அளவுக்கு நன்றாக இல்லை. ஆனாலும் சாயா போடும்போது இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

இன்று காலை தும்மல் பன்னிரண்டு. டப்பா கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறது. அடுப்படியில் முறுக்குக்கு அரிசி ஊறுகிறது.