சுகம் மட்டும் எழுது

ஊர்காவற்துறை,
2-11-1953

அன்புள்ள புஷ்பத்துக்கு,

ஓடுகளை இறக்கியாயிற்று. வரும்போது நடுக்கடலில் வாடைக்காற்று பெரிய பாயைக் கிழித்துவிட்டது. நம் தோணி ஆள் நாகராசு பாய்மரத்தின் உச்சிக்கு ஏறிக் கயிற்றை அறுத்திராவிட்டால் தோணி கவிழ்ந்திருக்கும். உச்சியில் தொங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "தண்டேலே, கொழும்பு தெரியுது, போவமா?" என்கிறான். பாயைத் தைத்து, காற்று அடங்கியதும் புறப்படுவோம். ராசாத்தி தவழ்கிறாளா? நம் கரை வழக்கம் தெரியுமல்லவா, சுகம் மட்டும் எழுது.

செபமாலை

கட்டுமாவடி,
8-11-1953

அன்புள்ள ராசாத்தி அப்பாவுக்கு,

பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். பால் குடிப்பதில்லை. அறந்தாங்கி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இரண்டு நாள் பார்க்கலாம் என்கிறார். உங்கள் அம்மா என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தார்கள். "கடல்ல நிக்கிறவனுக்கு வீட்டு நோவ எழுதாத தாயி. அப்பறம் அவன் காத்தப் பாக்க மாட்டான்." திருச்சியில் பி.ஏ. படித்துவிட்டு இதற்கெல்லாம் பயப்படுவதா? பெற்ற தகப்பனிடம் மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள். இன்று புறப்படும் கோட்டைப்பட்டினத்துத் தோணியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் புஷ்பம்

கட்டுமாவடி,
11-11-1953

அன்புள்ள ராசாத்தி அப்பாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் என் தாலியைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். அவசரப்பட வேண்டாம். காற்று அடங்கிய பிறகு வந்தால் போதும். இன்று தோணி எதுவும் போகவில்லையாம், தபாலில் போடுகிறேன். முந்தின கடிதத்துக்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புஷ்பம்

ஊர்காவற்துறை,
12-11-1953

அன்புள்ள புஷ்பத்துக்கு,

காய்ச்சல் என்று நீ எழுதியது நேற்றுக் கிடைத்தது. பெரிய பாய் பாதிதான் தைத்திருக்கிறது. சின்னப் பாயை விரித்து வருகிறேன். மற்றத் தோணிகளை ஓட்டும் தண்டேல்கள் பொறு என்கிறார்கள். என் ஆட்கள் நங்கூரத்தைத் தூக்கப் போய்விட்டார்கள். நீ எழுதியதில் தப்பில்லை. இந்தத் தபாலுக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். கடிதம் வந்ததும் இரண்டு பேருமாகப் பிரித்துப் படிக்கலாம்.

செபமாலை

கட்டுமாவடி,
20-12-1953

அன்புள்ள ராசாத்தி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தனியாகத்தான் பிரித்தேன். என் இரண்டாவது கடிதம், 'தோணி புறப்பட்டுவிட்டது' என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. நாகராசு ஒருவன்தான் பாய்மரத் துண்டைப் பிடித்துக் கரை சேர்ந்தான். கடைசிவரை நீங்கள் சுக்கானை விடவில்லை என்றான். உங்கள் உடல் இன்னும் கரை ஒதுங்கவில்லை. உங்கள் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது வந்து எட்டிப் பார்த்தார்கள். "என்னத்த எழுதுற? அவன் இன்னும் கடல்லதான நிக்கிறான்?" என்றார்கள். இதைக் கிழித்துவிடுகிறேன். வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

கட்டுமாவடி,
20-12-1953

அன்புள்ள ராசாத்தி அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ராசாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காற்று அடங்கிய பிறகு வந்தால் போதும்.

உங்கள் புஷ்பம்