நீ குடிக்காமல் வைத்த காபி

"மேடம், நீங்க போலீஸா?"

இன்று காலை டிகாக்‌ஷன் இறங்கும் வாசனையோடு லலிதாவின் அந்தப் பழைய கேள்வியும் நினைவுக்கு வந்தது. அன்று ஜெர்சி சிட்டியில் என் பக்கத்து வீடான அவள் வீட்டு வாசலில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, "இல்லீங்க, ப்ரொபேஷன் ஆபீசர். கோர்ட்டு ஆளு," என்றாய்.

எல்லோருக்கும் வேலை போய்க்கொண்டிருந்த 2002. லலிதாவின் மகன் கார்த்திக் ஒரு பார்க்கிங் லாட் சண்டையில் மாட்டி, சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தான். பொறுப்பு உனக்கு. பக்கத்து வீட்டில் உன் தோழியான நான் இருக்கிறேன் என்பதை முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாய். லலிதா துணைக்கு அழைத்ததால் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அவள் வைத்த காபியை நீ தொடவில்லை. பையிலிருந்து உன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாய். "வாய நனைக்கக்கூட மாட்டேங்கிறாங்களே டீச்சர், பையன உள்ள தள்ளப்போறாங்க," என்று சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பயம் பொய்யில்லை. வேலை இன்டர்வியூவுக்காகக் கார்த்திக் உன் அனுமதி இல்லாமல் வேறு மாநிலத்தில் இருக்கும் பிளசன்டன் ஊருக்குப் போய்வந்திருந்தான். மாநிலத்தை விட்டுப் போகக் கூடாது என்பது நிபந்தனை. நீதிபதி நினைத்தால் சிறைதான்.

"கேட்டா நோ சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன், மேம்," என்றான் கார்த்திக்.

"கேட்டிருந்தா பர்மிஷனுக்கு நானே அப்ளை பண்ணியிருப்பேனே."

"இத மறந்துடும்மா," என்றாள் லலிதா. "நீயும் தமிழ்ப் பொண்ணுதானே."

"ஆன்ட்டி, மறைக்கிற பவர் எனக்கு இல்ல. ஜெயிலுக்கு அனுப்புற பவரும் இல்ல. பாத்தத ஜட்ஜ்கிட்ட சொல்லணும். அவன் ஒரு வாரம்கூட மிஸ் பண்ணாம என் ஆபீசுக்கு வந்து கையெழுத்து போட்டதும் நான் பாத்ததுதான். ரெண்டையும் சொல்வேன்."

பிறகு உன்னை ரயிலடி வரை கொண்டுவிடும்போது என் வழக்கப்படி உதாரணம் சொன்னேன். தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நிற்பவரும் இப்படித்தான். ஒரு பையன் பார்த்து எழுதினால் சொல்லியாக வேண்டும், மார்க் போடுவது வேறு ஒருவர். நீ சிரித்தாய். "ஆமா டீச்சர். ஆனா இவன் பாஸ் ஆகணும்னு வேண்டிக்கிட்டே நிக்கிறவ நான்."

கோர்ட்டில் நீ இரண்டையும் சொன்னாய். நீதிபதி அவனைக் கண்டித்தார். கண்காணிப்பைத் தொடரச் சொன்னார். காலம் முடிந்து அவன் விடுபட்ட பிறகு, ஒரு சனிக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்திருந்தாய். லலிதா ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றாள்.

"அன்னிக்கு ஆறிப்போனதுக்கும் சேத்துக் குடி."

"குடுங்க ஆன்ட்டி. இப்ப நான் வெறும் கெஸ்ட்."

கேட்டு வாங்கி இரண்டாவது டம்ளரும் குடித்தாய்.

நீ எங்களையெல்லாம் விட்டுப் போய்ப் பல குளிர்காலங்கள் கடந்துவிட்டன. ஜர்னல் ஸ்கொயர் ரயிலடியில் தோளில் பையும் கையில் பாட்டிலுமாக யாராவது ரயிலிலிருந்து இறங்கினால், முகம் தெரியும்வரை நான் நகர்வதில்லை. ஒருவரைக் குறை சொல்ல வாய் திறந்தால், "ரெண்டையும் சொல்வேன்" என்ற உன் குரல் குறுக்கே வருகிறது.

இதைப் படிப்பவருக்கும் அதையே சொல்கிறேன். இன்று ஒருவருடைய தவறைச் சொல்ல நேர்ந்தால், மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சரியாகச் செய்த ஒன்றையும் அதே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.