நல்ல கை

அன்புள்ள அம்மாவுக்கு, பெர்கனிலிருந்து வான்பென் வணங்கி எழுதுவது. நான் நலம். அங்கே நாற்று நட்டாயிற்றா?

நான் வேலை செய்யும் மசாஜ் கடையில் சின்ன விஷயம் ஒன்று நடந்தது. ஹால்வார் என்ற பெரியவர் வாராவாரம் என்னிடம் வருவார். முதுகுவலி போய், தன் ஷூ கயிற்றைத் தானே குனிந்து கட்டுவதில் அவருக்கு அவ்வளவு பெருமை. போன வாரம் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்களேன்."

"படகுல சுளுக்கிக்கிச்சும்மா. உன் கை பட்டா சரியாயிடும்."

எனக்கும் அது பெருமையாக இருந்தது. குருவைக் கும்பிட்டேன். நம் வழக்கப்படி காற்றுவாசல் திறக்கத் தொடையிடுக்கை அழுத்தி, ரத்தத்தை நிறுத்திச் சட்டென்று ஓடவிட்டு, காலைப் பிடித்துவிட்டேன். ஷூ கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. காலில் உறைந்திருந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டதாம். யாரும் என்னைத் திட்டவில்லை. கவலைப்படாதீர்கள்.

நீங்கள் காய்ச்சும் தைலம் ஒரு புட்டி வேண்டும். தேய்க்க அல்ல, மோந்து பார்க்க.

உங்களுக்கு இடது கால் மட்டும் வீங்கியிருப்பதாகவும், பக்கத்து வீட்டு புவாலா அக்கா தினமும் பிடித்துவிடுவதாகவும் எழுதிய கடிதம் இன்றுதான் வந்தது; ஊருக்குப் போன் கிடைக்கவில்லை. இதைக் கொண்டுவரும் என் தோழி பிக்குனோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அவள் விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அக்காவைக் காலைத் தொடவிடாதீர்கள். அவள் கை நல்ல கைதான். என் கையையும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

உங்கள் மகள்,
வான்பென்