இரண்டு முறை திருப்பிய அட்டவணை

ஜூலை 6, ஞாயிறு

டான்யூப் ஆற்றுப் பக்கமிருந்து காற்றே இல்லை. கமெனுக்கு அடுக்களை, எனக்குப் படுக்கையறை என்று வீட்டைப் பிரித்துக்கொண்டோம். நிரல் எழுதும் போட்டி முடியும்வரை அதன் கணக்குகளைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் மூச்சுவிடக் கூடாது, விதி அது. மதியம் வெள்ளரித் தயிர் சூப்போடு வந்த அவன் தங்கை மிலேனாவுக்கு ஒரே சிரிப்பு. "அண்ணி, ஒரே வீட்ல ரெண்டு பேரும் பரீட்சை எழுதறீங்க, கண்காணிக்க ஆள் வேணாமா? சோறு போட்டா நான் வரேன்."

கமெனுக்கு இது விளையாட்டு. அவனுக்கு வேலை இருக்கிறது. எங்கள் காப்பீட்டு நிறுவனம் வசந்தத்தில் இந்தக் கணினி மொழியைக் கைவிட்டபோது என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டு, பழைய நிரல்களைப் பார்த்துக்கொள்ள அவனை மட்டும் வைத்துக்கொண்டது. வெறும் குறிகளால் எழுதும் மொழி. இதற்கு ஆள் எடுப்பவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அவர்கள் பார்ப்பது இந்தப் போட்டியின் முதல் சில பெயர்களை. எனக்கு அதில் இடம் வேண்டும்.

ஜூலை 11

ஆற்றுக் கணக்கு நகர மறுக்கிறது. பல ஊர்களின் அன்றாட நீர்மட்டம் ஓர் அட்டவணையில் இருக்கிறது. முந்தைய நாளையும் மறுநாளையும் விட மட்டம் உயர்ந்த நாள்களை எல்லா ஊருக்கும் ஒரே வீச்சில் குறிக்க வேண்டும். வேறு மொழிக்காரர்கள் ஊர் ஊராக, நாள் நாளாகச் சுற்றி வருவார்கள். இங்கே அப்படிச் சுற்றினால் நடுவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.

கமென் அடுக்களையில் சீட்டியடிக்கிறான். முடித்துவிட்டானோ?

ஜூலை 13

வந்துவிட்டது. ஒரே வரி! இந்த மொழியை வலமிருந்துதான் படிக்க வேண்டும்; வலது கோடியிலிருந்து படித்துப் படித்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

ஜூலை 19, சனி

அனுப்பியாயிற்று. அவனும்.

ஜூலை 20

இனி காட்டிக்கொள்ளலாம் என்று காலையிலேயே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுடைய ஆற்றுக் கணக்கைப் பார்த்தேன். என் வரி. குறிக்குக் குறி என் வரி.

"எப்படி?" என்றான்.

"நல்லா இருக்கு" என்றேன்.

ஜூலை 21

இந்த மொழியில் நல்ல விடைகள் குறுகிக் குறுகி ஒன்றுபோல் ஆகிவிடும். தெரியும். ஆனால் நான் முதலில் அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பி, கடைசியில் மறுபடி திருப்பி வைத்திருக்கிறேன். தேவையே இல்லை, முன்னிருந்து பார்த்தாலும் பின்னிருந்து பார்த்தாலும் உயர்ந்த நாள் உயர்ந்த நாள்தானே. அனுப்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது. என் அசட்டுத்தனம் அது. அவனிடமும் அதே இரண்டு திருப்பல், அதே இடங்களில்.

சரியானது ஒத்துப்போகலாம். அசடு ஒத்துப்போகுமா?

ஜூலை 22

விதிகளை மறுபடி படித்தேன். பார்த்து எழுதியதாகத் தெரிந்தால் இருவருமே நீக்கப்படுவார்கள். ஒரே குடும்பப் பெயர், ஒரே முகவரி, ஒரே வரி. எந்த நடுவர்தான் நம்புவார்? சாப்பாடு இறங்கவில்லை. அவன் மட்டும் தர்பூசணியும் வெள்ளைச் சீஸுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 24

கேட்டுவிட்டேன்.

"பார்த்தியா?"

"எத?"

"என் வரிய. நான் கடைக்குப் போனப்போ."

முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ராலி, பத்து வருஷமா ஒரே ஆபீஸ்ல, ஒரே மொழியில எழுதறோம். நம்ம கையெழுத்து ஒண்ணாத்தான் இருக்கும்."

"ரெண்டு தடவ திருப்பினது? அது எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியல. கை அப்படிப் போச்சு."

"உனக்கு இது சும்மா. எனக்கு இதுதான் சோறு. அது தெரிஞ்சுமா பார்த்தே?"

மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டான். கத்தியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

ஜூலை 26

"போட்டிலேருந்து என்னோடத எடுத்துட்டேன். அவங்களுக்கு எழுதிட்டேன். நீ நிம்மதியா இரு." சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே சொன்னான்.

மடியில் கனம் இல்லாதவன் எதற்கு விலக வேண்டும்? அப்போது பார்த்திருக்கிறான்தான். பார்த்தான், பார்த்தான். எனக்கு அழுகை வந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது, இனி ஒரே வரிதான் என்று. இதை அவனிடம் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 10

மரியாதையாக வாழ்கிறோம். "உப்பு எடுத்துத் தரியா?" "இந்தா." மிலேனா வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 29

இன்னும் முடிவு வரவில்லை. அஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டாம் இடம். எனக்கு. அக்டோபரில் நடக்கும் இந்த மொழிக்காரர்களின் ஆண்டுக் கூட்டத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். கமென் அலுவலகத்திலிருந்து வரும்போது ஒரு புட்டி சிவப்பு வைன் வாங்கி வந்தான். "எனக்குத் தெரியும், நீ வருவேன்னு" என்று நெற்றியில் முத்தமிட்டான். எவ்வளவு நாளாயிற்று. சரி, மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மன்னிக்கிற இடத்தில் நான் இருப்பதாக.

செப்டம்பர் 10

நடுவர்களின் குறிப்புகளை இன்றுதான் படித்தேன். ஆற்றுக் கணக்கின் கீழே இப்படி இருக்கிறது: பங்கேற்றவர்களில் பாதிக்கு மேல் அட்டவணையைத் தேவையில்லாமல் இரண்டு முறை திருப்பியிருக்கிறார்கள், மாதிரி அட்டவணையில் நாங்கள் கடைசி நாளை முதலில் வைத்ததே காரணம், தவறு எங்களுடையது. பலருடைய விடைகள் குறிக்குக் குறி ஒன்றாக இருந்தன, இந்த மொழியில் அது இயல்புதான்.

பாதிக்கு மேல்!

அப்படியானால் அவன் என் வரியைப் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 11

"குறிப்பெல்லாம் படிச்சியா?" என்றேன்.

"முந்தாநாளே. ரிசல்ட்டோடதான வந்துச்சு."

வைன் வாங்குவதற்கு முன்பே படித்திருக்கிறான். "ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அன்னிக்கு உன் நாள்."

மன்னித்துவிடு என்றேன். "சரி விடு" என்றான். கோபமே இல்லை. இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 17

இரண்டு நிறுவனங்கள் எழுதியிருக்கின்றன. ஒன்று நேர்காணலுக்குத் தேதியே கேட்டிருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கூட்டத்தில் பேசும்போது திரையில் காட்ட வேண்டிய பக்கங்களைத் தயார் செய்தேன். நடுவில் ஒரு வரி கண்ணை உறுத்தியது. இப்படிப்பட்ட சமயங்களில் எப்போதும் அவனைத்தான் கூப்பிடுவேன். கூப்பிட்டேன். வந்து வாசலிலேயே நின்றான்.

"கொஞ்சம் இதப் பாரேன், எங்கியோ இடிக்குது."

"வேணாம் ராலி. நீயே பார்த்துக்கோ." குரலில் குத்தல் ஏதும் இல்லை, வெளியே மழை என்று சொல்வதுபோலச் சொன்னான். "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, நான் பார்த்தேன்னு ஆயிடும்."

நான் திரையை அவன் பக்கம் திருப்பினேன். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, காபி வேண்டுமா என்று கேட்டான்.