அயர்லாந்து மொழியில் அண்ணா

என் அன்புக் குகன் அண்ணா,

நீங்கள் நட்ட கத்தரி பூத்துவிட்டது. வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலிருந்து விடுதலையாகி, வெரிபீயில் எங்கள் வீட்டு அறையை வாடகைக்கு எடுத்த கையோடு மண்ணைக் கிண்டியவர் நீங்கள். "கடையில வாங்கிற கத்தரிக்காயில ருசி எங்க இருக்கு தங்கச்சி?" என்று என் வாயை அடைத்தீர்கள். இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஒரு புதினம் சொல்ல வேண்டும், உங்களுக்குத் தெரியாத சேதி. உங்கள் கடைசி நாள், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நடந்தது. சொந்தக்காரரை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். "அவர் என் அண்ணா" என்றேன். அயர்லாந்துக்காரத் தாதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கூடப்பிறந்தவரா?"

பொய் வாயில் வரவில்லை. இல்லை, எங்கள் வீட்டில் குடியிருந்தவர், நாங்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று சொல்லி அழுதுவிட்டேன். உள்ளே நீங்கள் தனியே. என்னை விடாமல் போனால்?

அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், உங்கள் கட்டிலருகே கதிரை போட்டு உட்கார வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். அவர்கள் மொழியில் சகோதரனுக்கு 'ப்ராஹிர்' என்று ஒரு பழைய சொல் இருந்ததாம். அதை உறவினருக்கும் துறவிகளுக்கும் கொடுத்துக் கொடுத்து, கூடப்பிறந்தவனுக்குச் சொல்லே இல்லாமல் போய்விட்டதாம்! பிறகு 'மெய்யான' என்று பொருள்படும் சொல்லை முன்னால் ஒட்டி 'டெரஹார்' ஆக்கினார்களாம். "இப்போது அதற்குள் 'மெய்யான' இருப்பது எங்கள் ஆட்களுக்கே தெரியாது" என்று சிரித்தாள்.

பார்த்தீர்களா அண்ணா, உலகத்தின் அந்தத் தொங்கல் மூலையிலும் நம்மைப் போல ஒரு சனம்!

இன்னும் கேளுங்கள். கூப்பிடும்போது அந்தச் சொல்லின் தலை இளகி, 'டெ' 'யெ' ஆகிவிடுமாம்: 'அ யெரஹார்'. நமக்கு அண்ணன், கூப்பிட்டால் அண்ணா, வால்தான் நீளும். அவர்களுக்குத் தலை குழைகிறது. ஒருவரைக் கூப்பிட்டால் சொல் ஏன் அப்படியே நிற்க மாட்டேன் என்கிறது?

"கூப்பிடு, அவருக்குக் கேட்கும்" என்றாள் தாதி. கூப்பிட்டேன். உங்கள் விரல் அசைந்தது. எனக்காகவா அண்ணா, வலியிலா?

வருகிற ஞாயிறு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. வெரிபீ சவுத் கடலில் உங்கள் சாம்பலைக் கரைக்கப் போகிறோம். சொந்தக்காரர் முன்னுக்கு வாங்கோ என்று ஐயர் சொல்லுவார். நான் போய் நிற்பேன். 'மெய்யான' என்று முன்னால் எதையும் ஒட்ட மாட்டேன். அண்ணா என்று கூப்பிடுவேன், அவ்வளவுதான்.

உங்கள் தங்கச்சி,
வதனி