இடது விலாவுக்குக் கீழே

சிகாகோ
ஏப்ரல் 7

அன்புள்ள தனேஷ்,

போனில் பேசினால் பத்தாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொள்கிறோம். அதனால் நீ சொன்னபடியே மெயிலில் கடிதம்.

பயிற்சி தொடங்கிவிட்டது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர்கள் நாங்கள் ஐந்து பேர். மற்ற ஆஸ்பத்திரிகளில் எங்களைப் போன்றவர்களைச் சுவரோரம் நிறுத்தி வேடிக்கை பார்க்கச் சொல்வார்களாம். இங்கே பொதுமருத்துவ வார்டில் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்க விடுகிறார்கள். கடைசியில் தலைமை டாக்டர் சிபாரிசுக் கடிதம் தருவார். அது கிடைக்காவிட்டால் இந்த நாட்டில் எனக்கு இடமில்லை. ரஷ்யாவில் ஆறு வருடம் குளிரில் கிடந்து படித்ததும் வீண்.

இன்றைய முதல் நோயாளி என் குளிர்ந்த கை பட்டதும் துள்ளிவிட்டார். உன் ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து உன்னைப் படுக்கப்போட்டு, "மூச்சை இழு, பிடி, விடு" என்று ஈரலையும் மண்ணீரலையும் தேடிக் கற்றவள் நான். ஐஸ்கட்டி வியாபாரி என்று திட்டுவாயே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கலாதேவி


சிம்பாங் பூலாய், ஈப்போ
ஏப்ரல் 12

என் டாக்டரம்மாவுக்கு,

நான் நலம். உன் கறிவேப்பிலைச் செடி மட்டும் என் பராமரிப்பில் உயிரை விட்டுவிட்டது. மன்னித்துவிடு.

நம் பழைய தோட்டத்தில் மிச்சமிருந்த ரப்பர் மரங்களையும் சாய்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பின்னால் இருந்த முள்கம்பி வேலி மட்டும் நிற்கிறது. நீ "குதி, குதி" என்று ஏற்றிவிட்டு, நான் குதித்து இடது விலாவைக் கிழித்துக்கொண்ட அதே வேலி.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நேற்றுக் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்க் குவாரி வாசலில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். சட்டைக்குள் ஒரு குளிர்ந்த கை வந்தது. இடது விலாவுக்குக் கீழே மூன்று விரல், அசல் உன் வழக்கம், அழுத்திவிட்டு எடுத்து மறுபடி அழுத்தியது. என்னை அறியாமல் மூச்சை இழுத்தேன். லோரி ஓட்டும் கனகராஜ் அண்ணே பார்த்துவிட்டு, "என்ன லா, கட்டெறும்பு கடிச்சிருச்சா?" என்றார். "இல்லண்ணே, வீட்டுக்காரி வந்துட்டுப் போறா" என்றேன். அந்தச் சிரிப்பு மத்தியானச் சாப்பாடு வரை ஓடியது.

உன் தனேஷ்


சிகாகோ
ஏப்ரல் 13

தனேஷ்,

நான் சிரிக்கவில்லை. உனக்குக் காலை எட்டு என்றால் இங்கே முந்தின நாள் மாலை ஏழு. அந்த நேரம் ஜன்னலோரப் படுக்கையில் ஒரு போலந்துக் கிழவரைத் தனியாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுச் சளிக்காக வந்தவர். இடது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. மண்ணீரல் வீங்கினால் அப்படித்தான் இருக்கும். குறிப்பில் எழுதினேன். இன்று ஸ்கேன் எடுத்தார்கள், எதுவும் இல்லை. மாலையில் மறுபடி தொட்டேன், இருக்கிறது.

அது மட்டுமில்லை. அவர் தோலில் கோணலாக ஒரு தழும்பு விரலில் பட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். சுத்தமான தோல், ஒரு கீறல்கூடக் கிடையாது. கண்ணை மூடித் தொட்டால் தழும்பு இருக்கிறது, முடிவில் கொக்கி மாதிரி வளைகிறது. அந்த வளைவு யாருடையது என்று என் விரலுக்குத் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கே கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்.

கலா


சிம்பாங் பூலாய்
ஏப்ரல் 20

அன்புக் கலா,

கை தினமும் வருகிறது. இப்போது பயமெல்லாம் போய்விட்டது. எட்டு மணிக்குக் குவாரி வேன்மேல் சாய்ந்து நின்று காத்திருக்கிறேன். கனகராஜ் அண்ணே தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு இழுத்துப் போய்க் கயிறு கட்டிவிட்டார். மறுநாளும் கை வந்தது. "ஒம் பொண்டாட்டி முனிக்கே பயப்பட மாட்டேங்குறா லா" என்று அலுத்துக்கொண்டார்.

கிளினிக்குக்குப் போகவில்லை, திட்டாதே. கால்சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது உண்மை. அசதியும் உண்மை. பாதிச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. ஆனால் தினமும் ஒரு டாக்டர் வந்து பார்க்கும்போது இன்னொருவர் எதற்கு? அந்தக் கை இருக்கும்வரை எனக்கு எதுவும் ஆகாது என்று மனம் சொல்கிறது.

நேற்று மட்டும் அது நெடுநேரம் நின்றது. தடவித் தடவித் தொப்புள்வரை இறங்கியது. என்ன தேடினாய்?

தனேஷ்


சிகாகோ
ஏப்ரல் 23

தனேஷ்,

தலைமை டாக்டர் கூப்பிட்டார். "ஸ்கேனில் இல்லாததைத் தினமும் எழுதுகிறாய். அந்த மனிதர் உன் கையைக் கண்டு பயப்படுகிறார். கற்பனை செய்யும் டாக்டருக்கு நான் சிபாரிசு எழுதுவதில்லை" என்றார்.

குறிப்பை மாற்றினேன். "வயிறு மென்மையாக உள்ளது. எதுவும் தட்டுப்படவில்லை." என் கையெழுத்துத்தான். இனி அவரைத் தொடக் கூடாது என்று உத்தரவு. சிபாரிசுக் கடிதம் வந்துவிடும், சந்தோஷப்படு.

நான் தேடியதைக் கேட்டாயே. அந்த விளிம்பு வளர்ந்துகொண்டே வந்தது. கடைசியாகத் தொட்டபோது தொப்புளுக்கு வந்துவிட்டது. போனை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய்? என்மேல் ஆணை, ஆஸ்பத்திரிக்குப் போ.

கலா


ஈப்போ
ஏப்ரல் 29

கலா,

போனை எடுத்தால் திட்டுவாய், அதனால்தான். இப்போது நானே உண்மையைச் சொல்கிறேன்.

நான்கைந்து நாளாகக் கை வரவில்லை. வேன்மேல் சாய்ந்து நின்று பார்த்தேன், வெயில் மட்டும்தான் வந்தது. அந்தப் பயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், உன் ஆணைக்காக இல்லை. டாக்டர் சாந்தினி, சின்னப் பெண். கை கதகதப்பாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அதே இடத்தில் அழுத்தினாள். தொப்புள்வரை போனாள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டுப் பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனாள். உடனே வார்டில் சேர்த்துவிட்டார்கள். "அசையாமப் படுங்க அண்ணே, வீங்கின மண்ணீரல் உள்ளுக்குள்ள வெடிச்சா ஆபத்து" என்கிறாள்.

எனக்குக் கோபமில்லை கலா. சிபாரிசுக் கடிதத்தை வாங்கிக்கொண்டே வா. ஆனால் ஒரே ஒரு தடவை கையை வை. காலை எட்டு மணிக்கு விழித்திருப்பேன்.

தனேஷ்


சிகாகோ, விமான நிலையம்
ஏப்ரல் 29, இரவு

என் தனேஷ்,

உன் கடிதத்தைப் பார்த்ததும் தலைமை டாக்டரிடம் போய், நான் முதலில் எழுதியதுதான் உண்மை, மாற்றியதுதான் பொய் என்றேன். அவர் பேட்ஜைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். சிபாரிசு இல்லை. போகட்டும். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

கிழவர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். ஏழு மணிக்குப் பார்வையாளர்களோடு நான் வார்டுக்குப் போனபோது அவர் படுக்கையில் புதிய விரிப்பு போட்டிருந்தார்கள். ஒருவரும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைகளை உரசிச் சூடேற்றிக்கொண்டேன். கண்ணை மூடி விரிப்பின்மேல் வைத்தேன். நீ இருந்தாய். கொக்கி வளைவு, அதற்குக் கீழே விளிம்பு. "மூச்சை இழு" என்றேன். இழுத்தாய். வயிறு என் உள்ளங்கைக்கு ஏறி வந்தது. "பிடி" என்றேன். பிடித்தாய்.

பிறகு "விடு" என்றேன்.

நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை நின்றேன். உன் வயிறு இறங்கவில்லை. உனக்குப் போன் போட்டேன், கனகராஜ் அண்ணனுக்கும் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கையில் இன்னும் நீ ஏறி வந்த அந்த மேடு அப்படியே நிற்கிறது.

மூச்சை விடு, தனேஷ். விட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

உன் கலா